மரணசாசனம் எழுதுமுன் யாரிடம் செல்வது?



பல ஆண்டுகள் இடம்பெயர்ந்து அலைந்து, திரும்பி வந்து சேர்ந்த காணி இது. உங்களுக்குப் பின் அது யாருக்கு என்று எழுதிவைக்க விரும்பினால், வீடு தேடி வரும் தரகரை நம்பாதீர்கள். அனுமதி பெற்ற பிரசித்த நொத்தாரிசிடம் செல்லுங்கள். உங்கள் பகுதியில், தமிழில் எழுத அவருக்கு அனுமதி உண்டா என்று காணிப் பதிவகத்தில் விசாரியுங்கள். கட்டணத்தையும் முதலிலேயே கேளுங்கள்.

எழுதியதை முழுவதுமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கும்போதே ஒப்பமிடுங்கள். 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அப்படித்தான் கேட்கிறது. சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக்க வேண்டாம்.

வெற்றுத்தாளில் ஒப்பம் கேட்டால், கேட்பவர் யாராயினும் எழுந்து வந்துவிடுங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.