போர்த் திரைப்படங்களில் படைக்கலன்களும் வரலாற்று உண்மையும்
(உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த மண்ணில் வளரும் பிள்ளைகள் இரண்டாம் உலகப் போரைப் பாடநூலில் படிப்பதற்கு முன்பே திரையில் பார்த்துவிடுகின்றனர். டாங்கியின் வகையையும் வானூர்தியின் பெயரையும் பத்து வயதுச் சிறுவன் தயக்கமின்றிச் சொல்வான். அருகிலிருக்கும் தந்தைக்கு அவற்றுள் ஒன்றும் தெரியாது. "அப்பா, இது உண்மையான டாங்கியா?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுவதுண்டு. அது தட்டிக்கழிக்கத்தக்க கேள்வியன்று.

1998இல் வெளிவந்த 'சேவிங் பிரைவேட் ரையன்' படத்தில் ஜேர்மனியரின் டைகர் டாங்கிகளாக வருபவை, தகடுகள் பொருத்தி உருமாற்றப்பட்ட சோவியத் டி-34 டாங்கிகளே. சக்கரங்கள் அதனைக் காட்டிக்கொடுக்கின்றன. டைகரின் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கும். டி-34க்குப் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள். இயக்குநரை இதற்காகக் குறைகூறல் தகாது. ஏறத்தாழ 1,350 டைகர்கள் செய்யப்பட்டன. எஞ்சிய மிகச் சிலவற்றுள் இங்கிலாந்தின் பொவிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றே இயங்குகிறது. 1943இல் துனீசியாவில் கைப்பற்றப்பட்ட அதுவே, 2014இல் வெளிவந்த 'ஃபியூரி' படத்தில் நடித்தது.

1970இல் வெளிவந்த 'பேட்டன்' படத்தின் கதை நகைப்புக்குரியது. அப்படத்தின் பெரும்பகுதி ஸ்பெயினில் எடுக்கப்பட்டது. போருக்குப் பின் செய்யப்பட்ட அமெரிக்க டாங்கிகளே ஜேர்மன் டாங்கிகளாகவும் வேடமிட்டன. அந்த டாங்கி வகையின் பெயரே 'பேட்டன்'! 1969இல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்திலோ, ஜேர்மன் போர் வானூர்திகளாகப் பறந்தவை ஸ்பெயினில் செய்யப்பட்டவை. அவற்றினுள் இருந்தது பிரித்தானிய மெர்லின் இயந்திரம். ஸ்பிட்பயரை இயக்கிய அதே குடும்பத்து இயந்திரம், அதன் பகைவனையும் திரையில் பறக்கவைத்தது.

இவையெல்லாம் பொருள் கிடைக்காமையால் நேர்ந்த பிழைகள். இவற்றைக் கண்டுபிடிக்கும் பிள்ளையைப் பாராட்டலாம். ஆனால் ஆயுதம் சரியாக இருந்தும், அதைத் தாங்கிய கை மாற்றப்படுவது வேறுவகை.

2000இல் வெளிவந்த 'யூ-571' படத்தில் ஜேர்மன் நீர்மூழ்கியின் எனிக்மா மறைகுறியீட்டு இயந்திரத்தை அமெரிக்க மாலுமிகள் கைப்பற்றுகின்றனர். உண்மையில் 1941 மே மாதத்தில் யூ-110 நீர்மூழ்கியிலிருந்து அதனை எடுத்தவர்கள் 'புல்டாக்' என்னும் பிரித்தானியக் கப்பலின் மாலுமிகள். அமெரிக்கா போரில் இறங்கியதே அவ்வாண்டு டிசம்பரில்தான். படத்தின் இறுதியில் ஓடும் எழுத்துகளில் உண்மை ஒருவாறு சொல்லப்படுகிறது; அதுவரை இருக்கையில் இருப்போர் எத்தனை பேர்? பிரித்தானிய நாடாளுமன்றத்திலேயே அப்படம் கண்டிக்கப்பட்டது.

பேரரசு ஒன்றின் மாலுமிகளுக்காகக் குரல்கொடுக்க நாடாளுமன்றம் இருந்தது. எல்லோர்க்கும் அவ்வாய்ப்பு இல்லை.

2017இல் வந்த 'டன்கேர்க்' படத்தில் மெய்யான ஸ்பிட்பயர்கள் பறந்தன. ஜேர்மன் வானூர்திகளின் மூக்கில் பூசப்பட்ட மஞ்சள் நிறம் அப்போரின் சற்றுப் பிந்திய காலத்துக்குரியது என்பதைக்கூட ஆர்வலர்கள் கண்டுபிடித்துப் பேசினர். ஆனால் பிரெஞ்சு மண்ணில் பிரித்தானியப் படைக்குப் பொதிசுமந்த கோவேறு கழுதைகள் அப்படத்தில் இல்லை. அவற்றை நடத்திய இந்திய வீரர்களும் இல்லை. மோட்டார் வண்டிமயமாகிவிட்ட பிரித்தானியப் படையிடம் குளிர்காலச் சேற்றுக்கேற்ற விலங்குப் போக்குவரத்துப் போதாமையால், 1939 டிசம்பரில் இந்தியாவிலிருந்து நான்கு கோவேறு கழுதைப் பிரிவுகள் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கின. அவர்கள் தமிழர் அல்லர். பெரும்பாலோர் பஞ்சாப் முஸ்லிம்கள். 1940 கோடையில் ஒரு பிரிவு ஜேர்மனியரிடம் சிறைப்பட்டது. ஏனையோர் கழுதைகளைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு இங்கிலாந்து வந்துசேர்ந்தனர்.

டைகரின் சக்கரத்தை எண்ணத் தெரிந்த பிள்ளையிடம், இப்படத்தை மீண்டும் பார்க்கும் நாளில், கரையில் நிற்போரின் முகங்களையும் எண்ணச் சொல்லுங்கள். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் ஒளிப்படத் தொகுப்பில், பிரெஞ்சு மண்ணில் தம் விலங்குகளோடு நிற்கும் அவ்வீரர்களின் படங்கள் உள்ளன. அவற்றையும் அன்றே காட்டுங்கள்.