பாட்டுக்கு ஆடிய நெருப்பு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏதாவது பழைய கதை பேசுங்கள் என்றார் செயலாளர். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அதனால் நான் ஒரு குழாயைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கூடவே, 20 வருடம் நான் வகுப்பில் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

1978-இல் நான் இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன். துறைக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு கருவி செய்யச் சொன்னார்கள். எங்கள் மூன்று பேருக்கும் சார் கொடுத்தது ரூபன்ஸ் குழாய். நீளமான உலோகக் குழாய் ஒன்றில், மேல்பக்கம் வரிசையாகச் சிறு துளைகள் போட வேண்டும். ஒரு முனையை அடைத்துவிட வேண்டும். மறுமுனையில் மெல்லிய ரப்பர் சவ்வு கட்டி, அதன் முன்னால் ஸ்பீக்கரை வைக்க வேண்டும். குழாய்க்குள் கேஸ் விட்டு, துளைகளில் பற்ற வைத்து, ஸ்பீக்கரில் ஒலி கொடுத்தால் நெருப்பு வரிசை அலை அலையாக எழும். பாட்டுப் போட்டால் ஆடும்.

நெருப்பு சங்கீதம் கேட்கும் என்று கண்டுபிடித்தது ஏதோ பெரிய ஆய்வகத்தில் இல்லை, ஒரு வீட்டுக் கச்சேரியில். ஜான் லெகான்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கச்சேரி கேட்கப் போனவர், சுவரில் எரிந்த கேஸ் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லோ வாத்தியம் ஒலிக்கும்போது சுடர் அதோடு சேர்ந்து துடித்தது. நேரமாக ஆக, ஊரில் மற்ற வீடுகளில் கேஸ் செலவு குறைந்து, குழாயில் அழுத்தம் கூடியது. துடிப்பும் நன்றாகத் தெரிந்தது. இதை 1858-இல் கட்டுரையாகவே எழுதிவிட்டார். கச்சேரிக்குப் போய் விளக்கைப் பார்க்கிறவரைப் பக்கத்து நாற்காலிக்காரர் என்ன நினைத்திருப்பாரோ! பிறகு லண்டனில் ஜான் டிண்டால், சாவிக்கொத்தைக் குலுக்கினாலே சுருண்டுபோகும் சுடர்களை மேடையில் காட்டினார்.

1866-இல் ஜெர்மனியில் குண்ட் வந்தார். 'குண்ட் குழாய்' என்றதும் இங்கே பாதிப் பேருக்கு ரெக்கார்டு நோட்டு ஞாபகம் வரும். கண்ணாடிக் குழாய்க்குள் தூளைப் பரப்பி ஒலி கொடுத்தால், தூள் கணுக்களில் குவியும். 1905-இல் ஹைன்ரிச் ரூபன்ஸும் ஓட்டோ கிரிகர்-மென்செலும் தூளுக்குப் பதில் நெருப்பை வைத்தார்கள். 4 மீட்டர் குழாயில், 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சுமார் 200 துளைகள். இந்த ரூபன்ஸை லேசாக நினைக்காதீர்கள். 1900 அக்டோபரில் வெப்பக் கதிர்வீச்சு அளவீடுகளைக் கொண்டுபோய் பிளாங்கிடம் சொன்னவர் அவர்தான். அதை வைத்துத்தான் பிளாங்க் தன் சூத்திரத்தைப் பிடித்தார். குவாண்டம் கதை அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் குழாய்க்கு வருகிறேன். நீளம் ஒன்றரை மீட்டர். துளை போடுவதற்குள் மூன்று டிரில் பிட் உடைந்தது. சவ்வுக்குத் திருவிழா பலூன். கேஸ் சிலிண்டர் சார் வீட்டிலிருந்தே வந்தது. அந்த நாலு நாளும் அவர் வீட்டில் சமையல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, எங்களுக்குக் காப்பியும் கொடுத்தனுப்பினார்கள்.

முதல் நாளே ஒரு தப்புச் செய்தேன். குழாய்க்குள் இருக்கும் காற்றைக் கேஸ் முழுக்க வெளியே தள்ளும்வரை காத்திருக்காமல் தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனேன். 'டப்' என்று ஒரு சத்தம். பலூன் கிழிந்து, என் புருவம் பொசுங்கியது. காற்றும் கேஸும் கலந்து உள்ளே இருந்தால் அது குழாய் இல்லை, வெடி. சார் ஓடி வந்து வால்வை மூடிவிட்டு, "ஏம்ப்பா, ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியாதா உனக்கு?" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் அவரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஆம்ப்ளிஃபையரும் ரெக்கார்டு பிளேயரும் மைக் செட் அண்ணனுடையது. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் சுற்று வட்டாரத்தில் அவர்தான் பாட்டுப் போடுவார். கண்காட்சி அன்று சுருதிப் பெட்டியை மைக் முன்னால் வைத்தோம். நெருப்பு மலையும் பள்ளமுமாக அசையாமல் நின்றது. ஒரே சுருதி என்றால் உருவம் மாறாது. சினிமாப் பாட்டுப் போட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். நாதஸ்வர ரெக்கார்டில் தவில் அடி விழும்போதெல்லாம் வரிசை முழுக்கக் குலுங்கியது. உள்ளதைச் சொன்னால், குழாய்க்கு எல்லாச் சுரமும் ஒன்றில்லை. அதன் நீளத்தோடு ஒத்ததிர்கிற அதிர்வெண் வந்தால் துள்ளும், மற்றதற்குச் சும்மா தலையாட்டும். நம்மில் சில ரசிகர்களைப் போல!

பார்க்க வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. "அழுத்தம் எங்கே அதிகமோ அங்கே சுடர் உயரம்" என்று கிளிப்பிள்ளை மாதிரி நூறு தடவை சொல்லியிருப்பேன். மாலையில் கூட்டம் குறைந்ததும் மைக் செட் அண்ணன் கேட்டார்.

"தம்பி, ஒரு சந்தேகம். சத்தம் கம்மியா வெச்சா இந்த இடத்துல நெருப்பு உசரமா நிக்குது. கேஸைக் கொறைச்சு, வால்யூமைத் தூக்கிவிட்டா இதே இடம் பள்ளமாயிடுது, பக்கத்துல உசருது. அது ஏன்?"

நான் பார்க்கவே இல்லை. "அப்படியெல்லாம் ஆகாதுண்ணே, உங்க ஆம்ப்ளிஃபையர்ல ஏதாவது கோளாறு இருக்கும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

நானும் ஆசிரியரானேன். 1983-இலிருந்து 2003 வரை வருடா வருடம் அதே விளக்கத்தைச் சொன்னேன். 2003-இல் ஒரு மாணவி கேட்டாள்: "சார், அழுத்தம் ஏறி இறங்கிட்டுத்தானே இருக்கு? சராசரி எல்லா இடத்திலேயும் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் சுடர் மட்டும் வேற வேற உயரம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போய், ராத்திரி காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

துளை வழியாக வெளியேறும் வாயுவின் வேகம் அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் இல்லை, அதன் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. ஒலியால் அழுத்தம் மாறாத இடத்தில், வெளியே இருப்பதைவிட உள்ளே 10 அலகு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் 3.16. அழுத்தம் ஊசலாடும் இடத்தில் பாதி நேரம் 16, பாதி நேரம் 4. சராசரி அதே 10தான். ஆனால் வர்க்கமூலங்கள் 4-ம் 2-ம், அவற்றின் சராசரி 3. ஆக, ஊசலாடும் இடத்தில் கேஸ் குறைவாக வருகிறது, சுடர் தாழ்கிறது. உயரமான சுடர் நிற்பது அழுத்தம் அதிராத கணுவில்! நான் 20 வருடம் சொன்னதற்கு நேர் எதிர்.

மறுநாள் ஆய்வகத்தில் குழாயைப் பற்ற வைத்துப் பார்த்தோம். கணக்கு சொன்ன இடத்தில்தான் சுடர் உயர்ந்து நின்றது. பிறகு கேஸைக் குறைத்து, ஒலியைக் கூட்டினேன். மலை பள்ளமானது, பள்ளம் மலையானது. ஊசலாட்டம் அவ்வளவு பலமாகும்போது, உள்ளே இருக்கும் அழுத்தம் சிறிது நேரம் வெளி அழுத்தத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. துளையில் ஓட்டமே திரும்புகிறது. எளிய வர்க்கமூலக் கணக்கு அங்கே செல்லாது. முழுக் கணக்கையும் இங்கே போட்டால் பாயசம் ஆறிவிடும்.

அன்றைக்கு அந்த மாணவியிடம், இதை 25 வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை என்றேன். அந்த வாரமே மைக் செட் கடையைத் தேடிப் போனேன். அந்த இடத்தில் செருப்புக் கடை இருந்தது. அண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது என்றார்கள். என்னிடம் படித்து முடித்துப் போனவர்களில் முகவரி தெரிந்த சிலருக்கு மட்டும் கடிதம் போட்டேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். அவர்களும் ஆசிரியர்கள்தான், அவர்களும் அதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று மாலை 5 மணிக்கு இயற்பியல் ஆய்வகத்தில் அந்தப் பழைய குழாயைப் பற்ற வைக்கிறோம். சவ்வு புதிது, மற்றதெல்லாம் 1978-தான். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், மின்விசிறி ஓடக்கூடாது, ரெண்டு நிமிஷம் பொறுத்துத்தான் தீக்குச்சி. மாணவர்கள் அளவுகோல் கொண்டுவாருங்கள். புரொப்பேனில் ஒலி விநாடிக்குச் சுமார் 250 மீட்டர் போகும். 250 ஹெர்ட்ஸ் கொடுத்தால் சுடர் உச்சிகள் அரை மீட்டருக்கு ஒன்றாக நிற்க வேண்டும். நம் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருப்பதால் கொஞ்சம் நெருங்கி வரும். எவ்வளவு என்று நீங்களே அளந்து சொல்லுங்கள். உச்சி நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அப்புறம் வால்யூமைத் தூக்குங்கள். சாக்பீஸ் நான் கொண்டுவருகிறேன்.