மடமும் கிடங்கும்

இங்கிலாந்தின் மேற்கே, செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கிறது குளோஸ்டர் நகரம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பலர் அங்குள்ள பேராலயத்தில் பாதி நாளைக் கழிப்பார்கள். சற்றே நடந்தால் வந்துவிடும் பழைய கப்பல்துறையிலோ ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோயில் என்றால் சரித்திரம், கிடங்கு என்றால் வெறும் வியாபாரம் என்பது அவர்கள் எண்ணம். இரண்டும் ஒரே சரித்திரம்தான் என்பது என் கட்சி.

செவர்ன் ஆற்றின் வளைவுகளும் மணல்திட்டுகளும் கப்பல்களுக்குப் பெரும்பாடு. அதனால் 16 மைல் நீளக் கால்வாய் வெட்டி, 1827இல் திறந்தார்கள். இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்கள் 1846இல் நீக்கப்பட்டதும் வெளிநாட்டுத் தானியம் வந்து குவிய, செங்கல் கிடங்குகள் வரிசையாக எழுந்தன. இன்று அவற்றில் குடியிருப்புகளும் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. மூட்டை சுமந்தவர்கள் போனபின் இதெல்லாம் வெறும் வேஷம் என்கிறார்கள் சிலர். அப்படியானால் பேராலயம் மட்டும் என்ன? 1089இல் கட்டத் தொடங்கிய அந்தக் கட்டடம் துறவிகளின் மடமாக இருந்தது. அதன் சுற்று மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள். விசிறி விரித்ததுபோன்ற கல் விதானத்தின் கீழே, துறவிகள் உட்கார்ந்து படித்த 20 சிறு அறைகள். இன்னொரு பக்கம், அவர்கள் கை கழுவிய நீண்ட கல்தொட்டி. 1540இல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார். மறு ஆண்டே அது பேராலயமாயிற்று. துறவிகள் போய்விட்டார்கள், ஆனால் அந்த மண்டபத்தை யாரும் போலி என்பதில்லை. அதே ஹென்றி மூடியபின் வேறு வேலை கிடைக்காத டின்டர்ன் மடத்தின் கதியைப் பாருங்கள்: கூரையின் ஈயத்தைப் பெயர்த்தெடுத்தார்கள், இன்று சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஆள் புழங்குகிற கட்டடத்துக்குத்தான் கூரை மிஞ்சும்.

உழைத்தவர்களின் இடம் வசதி படைத்தவர்களின் வீடாகிவிட்டதே என்ற ஆதங்கம் வேறு; அதில் நியாயம் உண்டு. 1327இல் இறந்த இரண்டாம் எட்வர்டு மன்னருக்குப் பேராலயத்துக்குள் வெண்கல் சிலையோடு சமாதி இருக்கிறது. தானியம் சுமந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது, 1873இல் கட்டிய லான்தனி கிடங்கில் உள்ள நீர்வழி அருங்காட்சியகம். கிடங்குகளுக்கு நடுவே, மாலுமிகளுக்காக 1849இல் எழுப்பிய சிறு தேவாலயமும் இருக்கிறது. மன்னரின் சமாதியைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் திரும்பக் கூடாது.