அம்மாவிடம் கேட்டோமா?



நாற்பதுகளில் நிற்கும் நாம் ஒன்றுகூடினால் பேச்சு எப்படியோ அம்மா, அப்பாவிடம் வந்துவிடுகிறது. நம்மிற் பலர் வெளிநாட்டில். ஊரில் வீடும் வளவும் பெற்றோரும். கொழும்பில் தொடர்மாடியா, கனடாவா, முதியோர் இல்லமா என்று சகோதரங்கள் வட்ஸ்அப் குழு அமைத்து ஆராய்கிறோம். அந்தக் குழுவில் அம்மா இருப்பதில்லை.

கிளினிக்கிலும் இதேதான். தாயார் கதிரையில் இருக்க, பின்னால் நிற்கும் மகளிடம் "நித்திரை கொள்ளுறாவா?" என்று கேட்கப்படுகிறது. மறதிநோய் தொடங்கியவர்கூட எல்லா முடிவுகளுக்கும் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. காணி உறுதி விளங்காதவருக்கு, யாரோடு இருக்க விருப்பம் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும். நோய் முற்ற அந்தத் தெளிவும் குறையும். ஆகவே நேரத்தோடு கேட்க வேண்டும்.

கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் சிறியவை. காலையில் சாமிக்குப் பூப் பிடுங்க வேண்டும். ஞாயிறு பூசைக்குப் போக வேண்டும். கிணற்றடியில் தானே குளிக்க வேண்டும். கிணற்றடி வழுக்கும், இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கைதான் என்பதெல்லாம் உண்மை. அதற்காகக் கிணற்றடியையே தடைசெய்யத் தேவையில்லை. பிடிகம்பி, சொரசொரப்பான தரை, ஒரு பிளாஸ்டிக் கதிரை, யாராவது அள்ளி நிறைத்த வாளி போதும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் முடியாது. அடுப்பை அணைக்க மறப்பவரைத் தனியே விட முடியாது. அதை அவருக்கு நேரே சொல்ல வேண்டும். "ரெண்டு கிழமை லண்டனுக்கு வந்து போங்கோ" என்று அழைத்துப்போய், இங்கே வீட்டைப் பூட்டிவிடுவது பராமரிப்பு அல்ல. பழகிய வீட்டில் இருட்டிலும் வழி தெரிந்தவர், புது இடத்தில் பகலிலேயே தடுமாறுவதுண்டு.

இன்னொன்று. பெற்றோரின் விருப்பத்தைக் காப்பாற்றும் பாரம் ஊரில் நின்ற ஒருத்தியின் தோளில் விழுகிறது. காசு அனுப்புகிறவர்கள் ஆலோசனையும் சேர்த்து அனுப்புகிறார்கள்! அவளுக்கு மாதத்தில் நாலு நாள் ஓய்வு கிடைக்க வழி செய்வதும் இந்தத் திட்டத்துக்குள் அடங்க வேண்டும்.

சீதன உறுதியில் பெற்றோர் தமது சீவிய உரித்தை ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வீட்டை விற்கும் பேச்சுக்கு முன் உறுதியை எடுத்து வாசியுங்கள். புறக்கணிக்கப்பட்ட பெற்றோர் பராமரிப்புக் கோர 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கேட்காமலே பராமரிக்கப்படுகிறவர் எங்கே முறையிடுவது?

கடைசியாக, நாம் பேசக் கூசும் விடயம். அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், மூன்று நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் செயற்கைச் சுவாசம் பற்றித் தொலைபேசியில் முரண்படுகிறார்கள். பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நினைவின்றிக் கிடக்கிறார். எழும்ப முடியாமற் போனால் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? மூக்கால் குழாய் வைத்துச் சாப்பாடு தரச் சம்மதமா? நீங்கள் பேச முடியாவிட்டால் உங்களுக்காக ஆர் பேசுவது? இவற்றைக் கேட்பது அபசகுனம் என்று நினைக்கிறோம். தனக்குக் கடைசியாக உடுத்த வேண்டிய சேலையை அலுமாரியில் எடுத்து வைத்திருக்கும் அம்மாக்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல.

அடுத்த விடுமுறையில் கேளுங்கள். பதிலைத் திகதியிட்டு எழுதி, ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.