எங்க ஊருக்கு வராத கார்டு

நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா மன்னிச்சிடுங்க. ஜன்னலுக்குக் கீழ ஆற்காடு ரோடு. கோடம்பாக்கத்துல இதுக்கு மேல அமைதி கிடைக்காது.

இன்னைக்கு நான் ஏமாந்த கதை. பாதி மாசச் சம்பளத்தைக் கொடுத்து ஒரே ஒரு கார்டு வாங்கினேன். அது டூப்ளிகேட்.

முதல்ல ஸ்கூல் காலத்துக்குப் போவோம். டாப்ஸ் கம்பெனியோட கிரிக்கெட் அட்டாக்ஸ் ஞாபகம் இருக்கா? ஐபிஎல் வீரர்கள் இருக்கிற கார்டுகள். நம்ம ஏரியாவுல தோனி கார்டு ஒண்ணு வேணும்னா மத்த டீம் கார்டு அஞ்சு கொடுக்கணும். சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வர்ற என் சித்தப்பா பையன், "இதெல்லாம் எங்க ஊர்ல கிடைக்காதுடா"ன்னு பொட்டி நிறைய வாங்கிட்டுப் போவான். அப்போ ஒரு பெருமை. நம்ம கிட்ட மட்டும் இருக்கிற பொருள்!

வளர்ந்த பிறகு மேஜிக்: தி கேதரிங் ஆட ஆரம்பிச்சேன். அங்க அந்தக் கதை அப்படியே தலைகீழ். இந்தத் தடவை கிடைக்காத ஊர் நம்ம ஊர்.

1999 மே மாசம் 'போர்ட்டல் த்ரீ கிங்டம்ஸ்'னு ஒரு செட் வந்தது. மொத்தம் 180 கார்டு. சீனாவோட மூன்று ராஜ்ஜியங்கள் கதை தான் கரு. லியூ பெய், சாவ் சாவ், லூ பூ எல்லாரும் அதுல வருவாங்க. மேஜிக்ல வழக்கமா இருக்கிற 'பறக்கும்' திறன் இதுல கிடையாது. அதுக்குப் பதிலா குதிரைப்படைத் திறன்: குதிரையில வர்றவனை இன்னொரு குதிரைக்காரன் தான் தடுக்க முடியும். புதுசா ஆட வர்றவங்களுக்காக, ஆசிய பசிபிக் சந்தையைக் குறிவெச்சு அச்சடிச்சாங்க. சீனத்துலயும் ஜப்பானியத்துலயும் வந்தது. ஆங்கிலப் பிரதி ரொம்பக் கம்மி. அமெரிக்கக் கடைகளுக்கு அது போகவே இல்லை.

ஆரம்பத்துல யாரும் கண்டுக்கல, ஏன்னா பெரிய போட்டிகள்ல அந்த கார்டுகளுக்கு அனுமதி இல்லை. 2005 அக்டோபர்ல வின்டேஜ், லெகசி ஃபார்மட்கள்ல அனுமதி கொடுத்தாங்க. அன்னைக்கு மாறினது ரூல் மட்டும் தான், கார்டு அதே கார்டு. தேடுறவங்க உலகம் முழுக்க, சரக்கு மட்டும் ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மூலையில வித்த அளவு. விலை எகிறாம என்ன செய்யும்?

அதுல ஒண்ணு தான் இம்பீரியல் சீல். ஒரே ஒரு கறுப்பு மானா, ரெண்டு லைஃப் போகும். உங்க டெக்ல இருந்து எந்த கார்டை வேணும்னாலும் தேடி எடுத்து மேல வெச்சுக்கலாம். விலை அப்போ நூற்றுக்கணக்கான டாலரா இருந்தது. "கொஞ்சம் பழசு, அதனால விலை கம்மி"ன்னு ஆன்லைன்ல ஒருத்தர் சொன்னார். நான் வேலையில கோடுல பக் தேடுறவன். அன்னைக்கு ஆசை கண்ணை மறைச்சிடுச்சு.

பவர் ஹவுஸ் பக்கம் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில தான் எங்க ஞாயித்துக்கிழமை ஆட்டம். அங்க ஒரு அண்ணா கார்டைத் திருப்பி, பின்பக்கம் இருக்கிற பச்சை வட்டத்தை லென்ஸ் வெச்சுப் பார்த்தார். ஒரிஜினல்ல அந்தப் பச்சைக்குள்ள நாலு சின்ன சிவப்புப் புள்ளி 'எல்' எழுத்து மாதிரி இருக்கும். என்னோடதுல வெறும் பச்சை. அண்ணா எதுவும் சொல்லல, லென்ஸை என் கையில கொடுத்துட்டார். வீட்ல அம்மாகிட்ட இதுவரைக்கும் விலையைச் சொல்லல. அம்மா இந்த எபிசோட் கேக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

அதே 2022 ஜூலையில டபுள் மாஸ்டர்ஸ் 2022 செட்ல இம்பீரியல் சீலை மறுபடி அச்சடிச்சாங்க. விலை சரிஞ்சது. நான் போலிக்குக் கொடுத்த காசை விடக் குறைச்சலா ஒரிஜினலே கிடைச்சது! வாய்விட்டுச் சிரிச்சேன், அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசல.

யோசிச்சா ஒண்ணு புரிஞ்சது. அந்த கார்டு அரிதா இருந்ததுக்குக் காரணம், எந்த ஊர்ல விக்கணும், எவ்வளவு அச்சடிக்கணும்னு யாரோ எடுத்த ஒரு முடிவு. மறுபதிப்புங்கிற இன்னொரு முடிவு அதைத் தளர்த்திடுச்சு. நான் பாதிச் சம்பளத்தைக் கொடுத்தது அந்த ரெண்டு முடிவுக்கும் நடுவுல இருந்த இடைவெளிக்கு.

இப்போ எங்க மாடியில ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். கார்டு இல்லையா? காகிதத்துல பேரை எழுதி, வேற கார்டு மேல சொருகி ஆடு. ஆனா ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி எதிர்ல இருக்கிறவர்கிட்ட சொல்லிடு. அதிகாரப்பூர்வ போட்டியில இது செல்லாது, மாடியில செல்லும். போலி கார்டுக்கும் இந்தக் காகிதத்துக்கும் வித்தியாசம் அது தான்: இது யாரையும் ஏமாத்தல.

போன வாரம் பத்தாவது படிக்கிற ஒரு தம்பி வந்தான். டெக்ல பாதி பால் பாயிண்ட் பேனாவுல எழுதினது. என்னைத் தோற்கடிச்சிட்டான்.

அந்த டூப்ளிகேட் இன்னும் என் பைண்டர்ல முதல் பக்கத்துல இருக்கு. நீங்க இப்படி ஏமாந்த கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.