நாவலும் அனுப்பலாமா?

(ஆதரவாளர் கூடுகையில் கொடுக்கப்பட்ட செய்தி)



வார்டுகளில் படுத்திருப்போர் வாசிக்கப் புத்தகங்கள் கேட்டிருந்தோம். "வேதாகமம் அனுப்புகிறேன். நாவல் அனுப்பலாமா? அது பாவமல்லவா?" என்று ஒரு தாயார் கேட்டார்கள். சிறுவயதில் தலையணைக்கடியில் நாவலை ஒளித்து வாசித்தவன் நான். ஆகையால் என் சாட்சியை விட்டு, வேறொருவருடையதைச் சொல்லுகிறேன்.

நெதர்லாந்து தேசத்தில் ஆபிரகாம் கைப்பர் என்ற வாலிபர் இறையியல் கற்றார். மகா கெட்டிக்காரர், அந்தக் கர்வமும் இருந்தது. அவருக்கு நிச்சயித்திருந்த பெண், இங்கிலாந்தின் ஷார்லட் யங் அம்மையார் 1853-ல் வெளியிட்ட 'ரெட்கிளிஃபின் வாரிசு' என்ற நாவலைக் கொடுத்தார். அதில் பிலிப் என்ற அறிவாளி, தன் உறவினன்மேல் அநியாயமாய்ச் சந்தேகப்பட்டுப் பழி சுமத்துகிறான். பின்பு இத்தாலியில் பிலிப் காய்ச்சலாய்க் கிடக்க, அந்த உறவினனே பக்கத்திலிருந்து பணிவிடை செய்து பிழைக்கவைக்கிறான். அதே காய்ச்சல் தொற்றி மரித்தும்போகிறான். நம் நர்ஸ்மாருக்கு இது வெறும் கதையல்ல.

முதலில் பிலிப்பையே மெச்சி வாசித்தவர் கைப்பர். பிலிப் முழங்காலில் விழுந்து அழும் இடம் வந்தபோது தாமும் முழங்காலில் விழுந்தார். இதை 1873-ல் அவரே எழுதினார். போதகராயிருந்த அவர் 1880-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினார், 1901-ல் பிரதமருமானார்.

அந்த நாவலில் கிடைத்த லாபத்தை அம்மையார், மெலனேசியத் தீவுகளுக்குச் சென்ற 'சதர்ன் கிராஸ்' மிஷனெரிக் கப்பலுக்குக் கொடுத்தார்.

நாவலும் அனுப்புங்கள், அம்மா. எழுத்து பெரிதாயிருந்தால் நல்லது; ஆண்கள் வார்டில் மாலையில் வெளிச்சம் குறைவு.