காசு கொடுத்த முகவரி, உரிமை இல்லாத பெயர்



நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையானாலும் சரி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக் கம்பெனியானாலும் சரி, இளம்பிள்ளையில் சேலை மொத்த வியாபாரமானாலும் சரி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதோடு இப்போது வேலை முடிவதில்லை. இணையத்திலும் ஒரு முகவரி வேண்டியிருக்கிறது. அந்த முகவரிக்குப் பெயர் வைப்பதில் உள்ள சட்டச் சிக்கலைப் பற்றி இன்று பேசலாம்.

சேலத்தில் ஒருவர் லாரி உதிரிபாகம் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையதளம் செய்து தரும் தம்பி, "அண்ணா, பெரிய லாரி கம்பெனி பேரோட சேலம்னு சேர்த்து டாட் காம் வாங்கிடலாம். கூகுள்ல தேடுறவங்க நேரா நம்மகிட்ட வருவாங்க" என்கிறார். தேடினால் முகவரி காலியாக இருக்கிறது. விலையும் கையைக் கடிக்கவில்லை. கடைக்காரர் வாங்கிவிடுகிறார். கொடுக்கக் கூடாதென்றால் விற்றிருக்க மாட்டார்களே என்பது அவர் நினைப்பு.

முகவரி விற்கும் நிறுவனம் பார்ப்பது ஒன்றைத்தான்: அதே எழுத்துகளை வேறு யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா? அந்தப் பெயர் யாருடைய வணிகச் சின்னம் என்று அது விசாரிப்பதில்லை. அந்தப் பொறுப்பை வாங்குகிறவர் தலையிலேயே வைத்துவிடுகிறது. 'எனக்குத் தெரிந்தவரை இந்தப் பெயரால் பிறர் உரிமைக்குப் பாதிப்பு இல்லை' என்ற உறுதிமொழி, நாம் படிக்காமல் தட்டிவிட்டுப் போகும் நிபந்தனைகளுக்குள் இருக்கிறது.

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கு வழிகாட்டும் தீர்ப்பு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் வழக்கில் வந்தது. தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கிய அந்நிறுவனம், 1999-இல் சிஃபிநெட் டாட் காம் உள்ளிட்ட முகவரிகளைப் பதிந்தது. பிறகு 2001-இல் இன்னொரு நிறுவனம், நடுவில் ஓர் 'எஃப்' மட்டும் கூட்டி, அதே ஒலி வரும் முகவரியைப் பதிந்தது. எங்கள் ஐந்து பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் இது என்று வாதாடியது. பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தடையை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பு சொன்னதில் நமக்கு வேண்டியவை மூன்று. இணைய முகவரி, கதவு எண்ணைப் போல வெறும் அடையாள எண் இல்லை. ஒரு வியாபாரத்தின் பெயராகவே அது வேலை செய்கிறது. அதற்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், தன் சரக்கைப் பிறர் சரக்காகக் காட்டி விற்பதைத் தடுக்கும் பழைய நீதியே இதற்கும் பொருந்தும். மூன்றாவதைக் கவனமாகக் கேளுங்கள்: கெட்ட எண்ணம் இருந்ததென்று வழக்குப் போட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் குழம்பக்கூடும் என்றாலே போதும்.

ஊர்ப் பெயரைச் சேர்த்துவிட்டால் தப்பிக்கலாமா? 1999-இல் யாஹு வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. எதிராளி யாஹுவோடு 'இந்தியா' என்று சேர்த்திருந்தார். அந்த நிறுவனத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று தளத்தில் அறிவிப்பும் போட்டிருந்தார். இரண்டும் அவரைக் காப்பாற்றவில்லை. 'இந்தியா' சேர்த்தவருக்கே இந்தக் கதி என்றால், 'சேலம்' சேர்த்தவர் நிலையை நீங்களே ஊகிக்கலாம்.

அசல் சரக்கைத்தானே விற்கிறேன், பெயரைச் சொல்லக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. சொல்லலாம். இன்ன கம்பெனி வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்று பக்கத்துக்கு உள்ளே எழுதுவதை, நேர்மையாக இருக்கும்வரை, சட்டம் தடுக்கவில்லை. 2001-இல் ஓகி டேட்டா என்ற பிரிண்டர் நிறுவனத்தின் பெயரையே முகவரியில் வைத்திருந்த அமெரிக்க விற்பனையாளர் ஒருவர் ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவர் முன் வென்றும் இருக்கிறார். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: சரக்கை உண்மையிலேயே விற்க வேண்டும், அந்தச் சரக்கை மட்டுமே விற்க வேண்டும், கம்பெனிக்கும் தனக்கும் என்ன உறவு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அந்தப் பெயரிலான முகவரிகளை எல்லாம் வளைத்துப் போடக் கூடாது. நான்கு கம்பெனி சாமானையும் ஒரே கல்லாவில் விற்கும் நம் ஊர்க் கடைக்கு இரண்டாவது நிபந்தனையே இடிக்கும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வரப்போகும் பெயரை ஊகித்து முன்கூட்டியே பதிந்துவைத்து நல்ல விலைக்கு விற்கலாம் என்ற ஆசை உலவுகிறது. உரிமையாளரிடமே அதிக விலைக்கு விற்கும் நோக்கில் பதிந்தது தெரிந்தால், அதுவே தீய நோக்கத்துக்குச் சான்றாகிவிடும். டாட் இன் முகவரிகளுக்கு, நிக்ஸி என்ற அமைப்பு நியமிக்கும் நடுவர், முகவரியை ரத்து செய்யலாம். உரியவருக்கு மாற்றியும் கொடுக்கலாம். நீதிமன்றத்துக்குப் போனால் நஷ்டஈடும் கேட்பார்கள். வழக்கைக் கம்பெனி தன் ஊரிலேயே போட வாய்ப்பிருப்பதால், சங்ககிரிக்காரர் டெல்லிக்கோ மும்பைக்கோ நடக்க வேண்டிவரும்.

ஒருவேளை வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால், கிழித்துப் போடாதீர்கள். கோபத்தில் பதில் எழுதாதீர்கள், விலை பேசவும் வேண்டாம். நீங்கள் எழுதும் கடிதமே நாளைக்கு சாட்சியாக வரும். நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் வழக்கறிஞரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே முகவரியை விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்வது பல நேரங்களில் செலவு குறைந்த வழி.

இந்தச் சட்டம் பெரிய கம்பெனிக்கு மட்டும் காவல் என்று எண்ண வேண்டாம்; உங்கள் பெயரையும் அது காக்கும், ஆனால் அந்தப் பெயர் தனித்து நிற்க வேண்டும். சேலம், நாமக்கல் என்ற ஊர்ப் பெயரையோ, ஆஞ்சநேயர் என்ற சாமி பெயரையோ தனியொருவர் சொந்தம் கொண்டாடுவது கடினம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் கிடைத்த புவிசார் குறியீடும் இந்த வட்டாரத்து உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் பொதுவானது. அதனால் உங்கள் பட்டறைக்கென்று தனித்த ஒரு பெயரை வையுங்கள். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று இலவசமாகத் தேடலாம். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையம் வழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். சின்னத்துக்கு விண்ணப்பிக்கும் அன்றே அதே பெயரில் முகவரியையும் வாங்கிவிடுங்கள். அப்புறம் வேறு ஊர்க்காரர் ஒருவர் ஓர் எழுத்தை மாற்றி உங்கள் வாடிக்கையாளரை இழுக்கப் பார்த்தால், நோட்டீஸ் அனுப்பும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.